தொடங்கிய இடம் தெரியாது என்றால் வைத்தியம் இல்லை என்று அர்த்தமில்லை



நோய் விசாரிக்கப் போகும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "ஈரல்ல புற்றுநோயாம். எங்க தொடங்கினதென்று டொக்டர்மாருக்கே தெரியாதாம். இனி கிளினிக் போய் என்ன பிரயோசனம்?"

தயவுசெய்து இப்படிப் பேசாதீர்கள். உலகம் முழுவதும் புற்றுநோயாளர் 100 பேரில் 2 முதல் 5 பேர் வரை இந்த நிலையில் இருக்கிறார்கள். இதற்கு 'மூலம் அறியப்படாத புற்றுநோய்' என்று தனிப் பெயரே உண்டு. தொடங்கிய கட்டி ஸ்கேனில் தெரியாத அளவு சிறிதாக இருக்கலாம். உடம்பே அதை அழித்தும் இருக்கலாம். ஆனால் அதிலிருந்து பிரிந்த கலங்கள் வேறிடத்தில் வளர்ந்துவிடுகின்றன.

கொழும்பில் எத்தனை வருடம் இருந்தாலும் ஒருவரின் பேச்சு அவரது ஊரைக் காட்டிக்கொடுக்கும் அல்லவா? கலங்களும் அப்படித்தான். சுவாசப்பையிலிருந்து போன கலம் ஈரலில் இருந்தாலும் பெரும்பாலும் பழைய அடையாளத்தைச் சுமந்திருக்கும். பயாப்ஸி எடுத்த துண்டில் விசேட சாயங்களை ஏற்றி அதைத்தான் தேடுகிறார்கள். அதற்கு நாட்கள் எடுக்கும். ஆஸ்பத்திரி மாறினால் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கட்டாயம் கொண்டு போங்கள். முடிந்தால் அந்தத் துண்டு வைத்த மெழுகுக் கட்டையையும் கேட்டு வாங்குங்கள்.

மற்றது, வெட்கம். மூலத்தைத் தேடும்போது மார்பு, கர்ப்பப்பை, மலவாசல், ஆண்களின் விதை எல்லாவற்றையும் பார்க்க வேண்டி வரும். "அதெல்லாம் வேண்டாம்" என்று நம்மவர்கள் மறுத்துவிடுகிறார்கள். பெண் டொக்டர் வேண்டுமென்று கேளுங்கள், அதில் தவறில்லை. பரிசோதனையை மறுப்பதுதான் தவறு. ஒரு பெண்ணின் கமக்கட்டில் மட்டும் நெறி கட்டி, பயாப்ஸியும் பொருந்தி வந்தால், மார்பில் எதுவும் தெரியாவிட்டாலும் மார்புப் புற்றுநோயாகவே கருதி வைத்தியம் செய்கிறார்கள். நல்ல பலனும் கிடைக்கிறது. கழுத்தில் கட்டி வந்தால் வாயையும் தொண்டையையும் நன்றாகப் பார்ப்பார்கள். வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தை அப்போது மறைக்காதீர்கள்.

எல்லோருக்கும் பூரண சுகம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. இது கடுமையான நோய்தான். ஆனால் எந்த மருந்து பொருந்தும், எவ்வளவு வேதனையைக் குறைக்கலாம் என்பதெல்லாம் இந்தப் பரிசோதனைகளில்தான் தெரியவரும். துஆவும் வேண்டும், ஓதிப் பார்ப்பதும் இருக்கட்டும். கிளினிக் திகதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

அல்லாஹ் நோயாளிகள் அனைவருக்கும் ஷிபாவைத் தருவானாக. ஆமீன்.