பெயர்ப்பலகை மாறியாச்சு, கட்டில் வந்தாச்சா?

ஹாஸ்டல் ரூமை அலங்கரிக்க ஆயிரம் ரீல்ஸ் ஓடுகின்றன. சீரியல் லைட், சுவர் ஸ்டிக்கர் எல்லாம் சரி. முதலில் கட்டில் வேண்டாமா?

2025 ஜூலையில், அரசு மாணவர் விடுதிகள் ‘சமூகநீதி விடுதிகள்’ என அழைக்கப்படும் என்று அறிவித்தார் முதல்வர் ஸ்டாலின். நல்ல பெயர்தான். பலகையை மாத்தினா மட்டும் போதுமா?

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். தரையில் ஓதம் ஏறும், கோரைப்பாய் நமத்துப்போகும். பாயில் படுத்து, பெட்டி மேல் வைத்து எழுதும் பிள்ளைக்குக் கட்டில், மேசை, பூட்டுள்ள அலமாரி, ஒரு பிளக் பாயின்ட், இவைதான் அலங்காரம்.

ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரத்தில் இருநூறு வருஷத்துக்கு முன்பே மாணவர்களுக்குச் சோறும் படிப்பும் இலவசமாகக் கொடுத்தவர் இரண்டாம் சரபோஜி மன்னர். அந்த மண்ணில் இது பெரிய கோரிக்கை இல்லை. மழைக்கு முன், புரட்டாசிக்குள் அதிகாரிகள் விடுதிதோறும் கட்டில்களை எண்ணட்டும். தலைக்கு ஒன்று இருந்தால்தான் பெயர் பொருந்தும்.