மேலே பெய்யும் மழையை யார் அறிவார்?

பெருநாள் தொழுகை முடிந்து, உற்றார் உறவினருக்கு ஸலாம் சொல்லி, விருந்துண்டு ஓய்ந்த மறுநாளே நம் வீடுகளில் ஒரு பேச்சு எழும். "சுருளிக்குப் போவோமா? கும்பக்கரைக்குப் போவோமா? மேகமலையை இன்னும் பார்த்ததே இல்லையே!" கம்பம், உத்தமபாளையம், போடி, பெரியகுளம் ஆகிய ஊர்களில் வாழ்வோருக்கு இவையெல்லாம் அண்டை வீடு போன்றவை. சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் சொந்தங்களைக் காண வருவோருக்கோ கண்கொள்ளாக் காட்சிகள். பொட்டலம் கட்டிய நெய்ச்சோறும், ஆளுக்கொரு துண்டும், வாடகைக்கு ஒரு வண்டியும் கிடைத்துவிட்டால் போதும், குடும்பமே புறப்பட்டுவிடும்.

ஆண்டெல்லாம் அடுப்படியிலும் அலுவலகத்திலும் கழிந்த உள்ளங்களுக்கு இத்தகைய ஒருநாள் உலா பெரும் ஆறுதல். அதை வேண்டாமென்று தடுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால், வழிகாட்டி எவருமின்றி நாமாகவே ஒரு புதிய இடத்துக்குச் செல்லும்போது ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அங்கே ஆபத்து பெரும்பாலும் நாம் நிற்கும் இடத்தில் இருப்பதில்லை; நம் கண்ணுக்கு எட்டாத ஓரிடத்திலிருந்து புறப்பட்டு நம்மை நோக்கி வருகிறது. உள்ளூர்க்காரருக்கு அது தெரியும். விருந்தாளிக்குத் தெரியாது. தேனி மாவட்டத்தின் மலைகளும் ஆறுகளும் இதைப் பலமுறை உணர்த்தியிருக்கின்றன.

தெளிந்த வானம், கலங்கிய நீர்

பெரியகுளத்துக்கு அருகே, மலையடிவாரத்தில் உள்ளது கும்பக்கரை அருவி. பாறைகளின் மேல் வழுக்கிவரும் நீரில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தால், வானம் நீலமாகத் தெளிந்திருக்கும். "மழையே இல்லையே, பயமென்ன?" என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால், அந்த நீர் அங்கே பிறந்ததன்று. கொடைக்கானல் மலையில் பெய்யும் மழையே அருவியாக இங்கு இறங்குகிறது. மேலே ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தால், கீழே வெயிலில் குளித்துக்கொண்டிருப்போரை வெள்ளம் வந்து சூழும். இதனால்தான் மலையில் மழை என்றவுடன் வனத்துறையினர் குளிப்பதற்குத் தடை விதிக்கின்றனர். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, ஐந்து நிமிடம் மட்டும்" என்று காவலரிடம் வாதாடுவோர், அவர் மேலே பெய்யும் மழையைப் பற்றிப் பேசுகிறார் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

வெள்ளம் வருமுன் நீரே சில அறிகுறிகளைக் காட்டும். தெளிந்திருந்த நீர் செம்மண் நிறமாகும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். அருவியின் ஓசை கனமாகும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் துணிமணியையும் செருப்பையும் தேடிக்கொண்டிராமல், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். நடுவிலுள்ள பாறையில் சிக்கிக்கொண்டால் ஓடும் நீரைக் கடக்க முயலக்கூடாது. முழங்கால் அளவு வெள்ளமும் வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும். உயரமான பாறையில் ஒட்டி நின்று, கயிற்றுடன் மீட்போர் வரும்வரை காத்திருப்பதே உயிரைக் காக்கும் வழி.

கம்பத்தை அடுத்த சுருளி அருவியின் நிலையும் இதுவே. ஹைவேவிஸ் மலைப்பகுதியில் பெய்யும் மழைதான் அங்கே அருவியாக விழுகிறது. நீர்வரத்து மிகுந்தாலும், யானைகள் நடமாடினாலும் அருவிக்குச் செல்லும் வழி மூடப்படும். புறப்படுமுன் கம்பத்திலுள்ள உறவினர் ஒருவரிடம் கேட்டறிந்தால் வீண் அலைச்சலும் மிஞ்சும்.

ஆற்றின் கதையோ வேறு. தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து வரும் பெரியாற்று நீர், லோயர் கேம்ப்பில் மின்சாரத்தைத் தந்துவிட்டு, முல்லைப் பெரியாறாகப் பள்ளத்தாக்கில் ஓடிவருகிறது. அங்கே நீரைத் திறப்பதும் குறைப்பதும் மனிதர் கையில் உள்ளன. காலையில் முழங்கால் அளவு ஓடிய ஆறு, மாலையில் கழுத்தளவு ஓடலாம். வைகை அணையிலும் ஒரு கணக்கு உண்டு. 71 அடி உயரத்துக்கு நீர் தேக்கும் அந்த அணையில், நீர்மட்டம் 66 அடியை எட்டியதும் முதல் வெள்ள எச்சரிக்கை விடுக்கப்படும், 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. அதன்பின் எந்த நேரமும் உபரிநீர் ஆற்றில் வெளியேறலாம். நாளிதழில் இந்த எண்களைக் கண்ட நாளில் கரையில் பாய் விரித்து உண்பதும், பிள்ளைகளை ஆற்றில் இறக்கிவிடுவதும் அறிவுடைமை ஆகா.

இன்னொன்றையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். நீரில் மூழ்குபவரைக் காக்கத் தாவிக் குதிப்பது பெரும்பாலும் இரண்டாவது உயிரையும் பலிகொடுப்பதாகவே முடிகிறது. கரையில் நின்றபடியே கயிறு, நீண்ட கழி, முடிச்சிட்ட துப்பட்டா, காலியான தண்ணீர்க் குடம் என எது கைக்குக் கிடைத்தாலும் அதை நீட்டுங்கள் அல்லது வீசுங்கள். உரக்கக் கூவி ஆட்களைத் திரட்டுங்கள்.

குரங்கணி தந்த பாடம்

அருவியில் ஆபத்து மேலிருந்து வருகிறது. காட்டில் அது கீழிருந்தும் வரும். 2018 மார்ச் 11-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் விடுமுறை நாளை மகிழ்வாகக் கழிக்க வந்த இளைஞர்களும் இளம்பெண்களும் அவர்கள். 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலையடிவார மக்களும் பழங்குடியினரும் ஓடிச்சென்று காயமுற்றோரைச் சுமந்து இறக்கினர். வான்படையின் ஹெலிகாப்டர்களும் வந்தன. அவர்கள் சென்ற வழிக்கு உரிய அனுமதி பெறப்படவில்லை என்று அரசுத் தரப்பில் அப்போது கூறப்பட்டது.

மாண்டவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அந்த இழப்பிலிருந்து கற்றுக்கொள்ளும் கடமை மட்டுமே உண்டு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இம்மலைகளின் புல் காய்ந்து சருகாகிவிடும். சரிவில் பற்றும் தீ, சமவெளித் தீயைவிட விரைந்து மேல்நோக்கி ஏறும். அதன் சுடரும் சூடும் மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதே காரணம். ஆகவே தீயைக் கண்டு மேல்நோக்கி ஓடுவது அதனுடன் பந்தயம் ஓடுவதாகும். பக்கவாட்டில் விலகி, புல்லற்ற பாறைப் பரப்பையோ, ஏற்கெனவே எரிந்து அடங்கிய நிலத்தையோ அடைவதே நல்லது. செயற்கை இழைத் துணி உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும். காட்டுக்குச் செல்லும் நாளில் பருத்தி ஆடையே ஏற்றது.

அந்தத் துயரத்துக்குப் பின் தமிழக அரசு மலையேற்றத்துக்கென 2018-இலேயே விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டம் 40 மலைப்பாதைகளுடன் தொடங்கப்பட்டது. இணையத்தில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியுடன் செல்ல அதில் வழியுண்டு. தீப்பருவத்தில் பாதைகள் மூடப்படும். "நண்பனுக்கு வழி தெரியும்" என்று கூறிக்கொண்டு பிள்ளைகள் காட்டுக்குள் நுழைய இனியும் என்ன காரணம் இருக்கிறது? "அத்தா, எல்லோரும் போகிறார்கள்" என்று மகன் வந்து நின்றால், "போய் வா, அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டுப் போ" என்று சொல்லும் தந்தையே அவன் மீது உண்மையான அன்புகொண்டவர்.

தெருவுக்கு வந்த யானை

2021-இல் மேகமலை, ஸ்ரீவில்லிபுத்தூர் காடுகளுடன் சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே நாம் விருந்தினர், வீட்டுக்காரர்கள் வேறு. அந்த வீட்டுக்காரர்களில் ஒருவர் ஊருக்குள்ளேயே வந்த நிகழ்ச்சியைக் கம்பத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கேரளத்தின் சின்னக்கானல் பகுதியில் பிடிக்கப்பட்டு வேறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்னும் யானை, 2023 மே 27 அன்று கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. அது தாக்கிக் காயமுற்ற ஒருவர் சில நாட்களில் இறந்தார். 144 தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டது. ஜூன் 5 அன்றுதான் யானை பிடிக்கப்பட்டு, களக்காடு முண்டந்துறைப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

யானையைக் கண்டால் கைபேசியை எடுப்பது இன்றைய வழக்கமாகிவிட்டது. படமெடுக்க ஏற்ற தொலைவு, யானை நம்மை எட்டிப்பிடிக்க ஏற்ற தொலைவும் ஆகும். வண்டியில் இருந்தால் இறங்காதீர்கள். ஒலிப்பானை அடித்து விரட்ட முயலாதீர்கள். பின்னோக்கி மெல்ல நகர்ந்து வழிவிடுங்கள். குரங்குகளுக்கு உணவளிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இன்று ஒரு குழந்தை அன்புடன் நீட்டிய பழத்தைப் பெற்ற குரங்கு, நாளை வேறொரு குழந்தையின் கையிலிருந்து பறிக்கும்.

மலைப்பாதையும் மாலை நேரமும்

குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என மூன்று மலைப்பாதைகள் இப்பள்ளத்தாக்கைக் கேரளத்துடன் இணைக்கின்றன. சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் பாதை வேறு. சமவெளியில் பல்லாண்டு வண்டியோட்டியவரும் இங்கே புதியவரே. 2022 டிசம்பர் 23 அன்று இரவில், குமுளி மலைப்பாதையில் இறங்கிவந்த வாகனம் பள்ளத்தில் விழுந்து, ஆண்டிபட்டிப் பகுதியைச் சேர்ந்த 8 யாத்திரிகர்கள் இறந்தனர். வீடு சேரச் சில மணி நேரமே எஞ்சியிருந்த வேளை அது.

இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிச் செயலிழக்கும். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது பழைய ஓட்டுநர்களின் பாடம். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள். வாடகை வண்டியாயின் ஓட்டுநர் மலைப்பாதை பழகியவரா, முந்தைய இரவு உறங்கியவரா என்பதை வாடகை பேசும்போதே கேளுங்கள். எட்டுப் பேர் ஏறும் வண்டியில் பதினைந்து பேரை அடைத்து மிச்சப்படுத்தும் பணம் எதற்கு உதவும்?

மலைநிழல் விழுவதால் பள்ளத்தாக்கில் மாலை விரைவில் இருளும்; காட்டு விலங்குகளும் அந்நேரத்தில்தான் வெளிவரும். மேகமலைப் பாதையின் சோதனைச் சாவடியில் இரவில் வண்டிகளை விடாததும் இதனால்தான். அஸருக்குத் திரும்பத் தொடங்கி, மஃரிபுக்கு அடிவாரத்து ஊரை அடைந்துவிடுவது என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டால் கடிகாரமே தேவையில்லை. காலையில் தாமதமாகப் புறப்பட்டிருந்தால், பார்க்கும் இடங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் நேரத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

புறப்படுமுன் வீட்டில்

பயணத்தில் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்வது நம்மிடம் தொன்றுதொட்டு வரும் நல்வழக்கம். ஹஜ்ஜுக்கும் நெடும்பயணத்துக்கும் மட்டுமே அதை ஒதுக்கிவைத்துவிட்டோம். சுருளிக்குப் போகும் பத்துப் பேருக்கும் ஓர் அமீர் வேண்டும். "போதும், கிளம்பலாம்" என்று அவர் சொன்னால், மறுபேச்சின்றி அனைவரும் எழ வேண்டும். அவர் வயதில் மூத்தவராக இருக்க வேண்டுமென்பதில்லை. இடமறிந்தவராகவும் "வேண்டாம்" என்று சொல்லும் துணிவுடையவராகவும் இருந்தால் போதும். அவர் ஒரு பெண்ணாக இருப்பதிலும் தவறில்லை.

எங்கே போகிறோம், யார் யார், எந்த வண்டி, எப்போது திரும்புவோம் என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டில் இருப்பவரிடம் கொடுங்கள். மலையில் கைபேசிக்குப் பல இடங்களில் தொடர்பு கிடைக்காது. ஆனால் அந்தத் தாள் பேசும். இஷாவுக்குள் செய்தி வராவிட்டால் 112 என்ற எண்ணை அழைக்க வேண்டுமென்பதை வீட்டிலுள்ளோர் அறிந்திருக்கட்டும். மருத்துவ ஊர்திக்கு 108, தீயணைப்பு நிலையத்துக்கு 101. சிறு குழந்தையின் சட்டைப் பையில் பெற்றோரின் எண்ணை எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும். அன்றாடம் மருந்துண்ணும் பெரியவர் உடன் வந்தால், இரண்டு வேளை மருந்தைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். நகைகளைப் பெட்டியில் பூட்டிவிட்டுச் செல்லுங்கள்; அருவிக்கு அவை தேவையில்லை.

அங்கே சென்றதும் முதல் வேலையாக உள்ளூர்க்காரர் ஒருவரிடம், தேநீர்க் கடைக்காரராயினும் ஆடு மேய்ப்பவராயினும் சரி, "இங்கே எங்கே இறங்கலாம், எங்கே இறங்கக்கூடாது?" என்று கேளுங்கள். "மேலே மழை உண்டா?" என்றும் கேளுங்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள் பெரியோர். கேட்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கேட்கக் கூச்சப்பட்ட குடும்பங்கள் ஆயுள் முழுதும் அழுகின்றன.

அருவி நாளையும் விழும். மலையும் அங்கேயேதான் நிற்கும். இன்று கதவு மூடியிருந்தால் திரும்பிவிடுங்கள். போகுமிடத்தைப் பார்த்தோமா என்பதைவிட, போனவர் அனைவரும் இரவு ஒரே தஸ்தர்கானில் அமர்ந்து உண்டோமா என்பதே அந்த நாளின் கணக்கு.