காரியாலயத்துக் குளிர்சாதனப் பெட்டி

வீட்டுச் சமையலறையில் கேள்வி கேட்பதற்கு ஒருவர் உளர். பாலை மூடாது விட்டவர் யார், குழம்புச் சட்டியை அப்படியே உள்ளே தள்ளியவர் யார் என்று அன்றைக்கே விசாரணை நடந்துவிடும். காரியாலயத்துக் குளிர்சாதனப் பெட்டிக்கு அத்தகைய ஒருவர் இலர். பத்துப் பேர் பணம் சேர்த்து வாங்கிய பொருள் பத்துப் பேருக்கும் சொந்தம். கழுவ வேண்டிய நாளில் மட்டும் அது எவருக்கும் சொந்தமன்று. கதவைத் திறந்தால் முன்னே இன்றைய இடியப்பமும் சம்பலும் இருக்கும். அவற்றின் பின்னே சென்ற வாரத்துச் சொதி. அதற்கும் பின்னே, மாற்றலாகிப் போன உத்தியோகத்தர் ஒருவரின் ஊறுகாய்ப் போத்தல். அவர் அதனைத் தேடி வரப் போவதில்லை என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் அதை எடுத்தெறியும் உரிமை தமக்கு உண்டோ என்று ஒவ்வொருவரும் ஐயுறுகின்றனர். மாணவர் விடுதிகளிலும் இதே கதைதான்.

இதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. குளிரில் வைத்த பொருள் கெடாது என்றொரு நம்பிக்கை நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. குளிர் கிருமியைக் கொல்வதில்லை. அதன் பெருக்கத்தைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. பெட்டியின் உள்வெப்பநிலை 5 பாகை செல்சியசுக்கு மேற்படாதிருப்பின் சமைத்த உணவு மூன்று நான்கு நாள் தாங்கும். லிஸ்டீரியா என்னும் கிருமியோ அக்குளிரிலும் மெல்ல வளரும் இயல்புடையது.

சோற்றில் வேறொரு தொல்லை உண்டு. பசிலஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்திகள் கொதிநீரிலும் பிழைத்திருந்து, சோறு வெளியே கிடக்கும் மணித்தியாலங்களில் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்க வல்லவை. வாந்தியை உண்டாக்கும் அந்நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. சூரை மீனும் அத்தகையதே. வெப்பத்தில் நெடுநேரம் கிடந்த சூரையில் உண்டாகும் ஹிஸ்ரமீன் எந்த அடுப்புக்கும் அஞ்சாது. காலை ஆறு மணிக்குக் கட்டிய சோற்றுப் பொதியை மேசையிலே விட்டு, பத்து மணிக்கு நினைவு வந்து பெட்டியுள் தள்ளுவோர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

மின்சாரம் தடைப்பட்டால், மூடிய பெட்டி ஏறத்தாழ 4 மணித்தியாலமே குளிரைக் காக்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவிய காலத்தில், உள்ளே என்ன ஆயிற்று என்று கதவைத் திறந்து திறந்து பார்த்தோர் பலர். அவர்கள் தம் கையாலேயே குளிரை வெளியே விட்டனர்.

துப்புரவு பெரிய வித்தையன்று. இணைப்பைக் கழற்றி, தட்டுகளை வெளியே எடுத்து, அப்பச்சோடா கரைத்த இளஞ்சூட்டு நீரால் துடைத்தாற் போதும். கதவோரத்து றப்பர் மடிப்புகளையும் பின்புறத்து நீர்வடி துவாரத்தையும் மறவாதிருக்க வேண்டும். பூஞ்சணம் குடியிருப்பது அங்கேதான்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மச்சம் தவிர்ப்போர் யாழ்ப்பாணத்திற் பலர். அவர்தம் பொதியின் மேல் மீன் குழம்பு வழிவது அருவருப்பு மட்டுமன்று, அவமதிப்புமாகும். மரக்கறி மேல்தட்டிலும் மச்சம் கீழ்த்தட்டிலும் இருப்பின் வழிதற்கு இடமில்லை. முஸ்லிம் நண்பரின் பாத்திரத்திலே நம் கரண்டியை இடாதிருப்பதும் இவ்வகை மரியாதையே.

ஆயின், உணவைப் பிரிக்கும் இவ்வேற்பாடு மனிதரைப் பிரிக்கும் சாட்டாக மாறுவதையும் சில இடங்களிற் காண்கிறோம். சிற்றூழியரின் தேநீர்க் கோப்பை மட்டும் அலுமாரியில் ஏறாது யன்னல் விளிம்பிலே தனித்திருக்கும். அவர் குளிர்சாதனப் பெட்டி முழுவதையும் கழுவலாம். அதனுள்ளே தம் பொதியை வைக்கலாகாதாம்! சாதி காரணமாக ஒருவரை ஒதுக்குவதைக் குற்றமாக்கும் சட்டம் இந்நாட்டில் 1957ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று. அதன் பின்னரும், தேநீர்க் கடையிலே மற்றவரோடு சமமாக அமர்ந்து பருகுவதற்காக 1960களில் யாழ்ப்பாணத்திலே போராட வேண்டியிருந்தது. யன்னலோரக் கோப்பையை வைத்தவர்கள் அதனைச் சாதி என்று ஒப்புக்கொள்ளார். "அது அவருடைய வழக்கமான கோப்பை" என்பர். மற்றையோரின் கோப்பைகளும் வழக்கமானவைதாமே? அவை மட்டும் அலுமாரிக்குள் இருப்பானேன்? பெற்றோர் இவ்வாறு பேசுவதைக் கேட்டு வளரும் பிள்ளை, பாடசாலையில் நாம் கற்பிக்கும் சமத்துவப் பாடத்தைப் பரீட்சைக்கு மட்டுமே எழுதும்.

பாத்திரத்தின் மேல் பெயரும் திகதியும் எழுதி ஒட்டுக. அவை இல்லாதன யாவும் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குக் குப்பைக்குப் போகும் என்று கதவிலே அறிவித்தல் இடுக. கழுவும் வேலையைச் சிற்றூழியரின் தலையிற் கட்டாது, பெட்டியைப் பயன்படுத்தும் எல்லார் பெயரையும் முறைப்பட்டியலில் எழுதி, முதல் வெள்ளிக்கிழமையைத் தலைமை உத்தியோகத்தருக்கே ஒதுக்குக. அவர் துணியும் வாளியுமாக நிற்பதைக் கண்ட பின், தம் முறை வரும்போது தலைவலி என்று விடுப்பு எடுப்பது மற்றையோருக்குக் கடினமாயிருக்கும்.