பெருநாள் கைகளுக்கு மருதாணிச் செடி

பெருநாள் நெருங்கினால் நம் கடைவீதிகளில் மெஹந்தி கோன்கள் குவிகின்றன. அவற்றுள் சில நிமிடங்களில் கருநிறம் தருபவற்றையே நம் பிள்ளைகள் விரும்பிக் கேட்கின்றனர். மருதாணி இலையோ அத்தனை விரைவில் கருநிறம் தருவதே இல்லை. அதிலுள்ள லாசோன் என்னும் நிறப்பொருள் தோலின் புரதத்தோடு மெல்லப் பிணைந்து, முதலில் செம்மஞ்சளாகத் தோன்றி, ஓரிரு நாளில் செம்பழுப்பாக முதிரும். உடனடிக் கறுப்பு பெரும்பாலும் பாரா ஃபெனிலீன் டையமின் என்னும் தலைச்சாய வேதிப்பொருளின் வேலை. அது கொப்புளத்தையும் தழும்பையும் உண்டாக்கக்கூடும். ஒருமுறை ஒவ்வாமை பற்றிக்கொண்டால் ஆயுள் முழுவதும் தொடரலாம்.

மக்கா வெற்றியின்போது அபூ குஹாஃபா (ரலி) அவர்களின் நரையை மாற்றச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், கறுப்பைத் தவிர்க்கப் பணித்தார்கள். அது முடியைப் பற்றியது. அதைக் கைகளுக்கு நீட்ட நாம் முற்படவில்லை. பிள்ளைகளின் உடலுக்குத் தீங்கு என்பதே நமக்குப் போதுமான காரணம்.

மாற்றுவழி எளிது. மழைக்காலத் தொடக்கத்தில், பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சியை ஒரு சாண் நீளத்திற்கு வெட்டிப் பாதியளவு மண்ணில் ஊன்றினால் வேர்பிடிக்கும். நல்ல வெயில் வேண்டும், நீர் தேங்கலாகாது. அவ்வப்போது கத்தரித்தால் அடர்ந்து தழைக்கும். முதிர்ந்த கிளைகளில் முள் உண்டு, பறிப்போர் கவனிக்க! நிறத்திற்குக் கொழுந்திலையே சிறந்தது. எலுமிச்சைச் சாறு விட்டு அம்மியில் மைய அரைத்தால் அந்தப் புளிப்பே நிறத்தை வெளிக்கொணரும். மிக்ஸியில் அரைப்பதும் குற்றமில்லை. அம்மியின் பதம் வராது, அவ்வளவுதான்.

கைக்குழந்தைகளுக்கு அசல் மருதாணியும் வேண்டாம். ஜி-6-பி-டி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும்.

உளூ பற்றி ஐயம் எழலாம். தோலில் ஏறிய நிறம் நீரைத் தடுப்பதில்லை. ஒட்டியிருக்கும் விழுதுதான் தடுக்கும். ஆகவே இஷாத் தொழுகைக்குப்பின் வைத்து, ஸுப்ஹுக்கு முன் உதிர்த்துக் கழுவுவது பொருத்தம்.

பெருநாள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள்கள் முன்னோக்கி நகர்கிறது. எந்தப் பருவத்தில் அது வந்தாலும், நீர் காட்டி வளர்த்த செடியில் இலை இருக்கும். மாடிவீட்டார் தொட்டியில் வளர்க்கலாம். அதற்கும் இடமில்லாத குடும்பங்களுக்காகப் பள்ளிவாசல் வேலியோரம் நான்கு குச்சிகளை ஊன்றும்படி ஜமாஅத் நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.