முட்டை விலையும் செயற்கை நுண்ணறிவும்: எழுதாத கணக்கை இயந்திரம் எப்படிப் படிக்கும்?

செயற்கை நுண்ணறிவை வியாபாரத்தில் புகுத்தினால் லாபம் பெருகும் என்கிறார்கள். வேலை போகும் என்றும் சொல்கிறார்கள். நாமக்கல்லை வைத்துப் பார்த்தால் அதற்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த மென்பொருள் எதையும் தானாக அறிவதில்லை. பதிவாகிக் கிடப்பதைப் படித்துத்தான் கணிக்கிறது. நம் வியாபாரத்தில் எவ்வளவு பதிவாகியிருக்கிறது?

முட்டையை எடுத்துக்கொள்வோம். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கும் விலை நாளிதழ்களில் வருகிறது. பல ஆண்டு விலைப்பட்டியலை ஊட்டி, நாளைய விலை என்ன என்று ஒரு செயலியைக் கேட்கலாம், சொல்லும். ஆனால் பண்ணையாளர் கைக்கு வரும் விலை அதுவா? அறிவித்த விலையிலிருந்து வியாபாரி இத்தனை காசு குறைத்துத்தான் எடுப்பார். பண்ணை வட்டாரத்தில் இதற்கு 'மைனஸ்' என்றே பெயர். புரட்டாசியில் விற்பனை சரிந்து முட்டை தேங்கினால் மைனஸ் கூடும். பேரம் பெரும்பாலும் போனிலேயே முடிந்துவிடும். முட்டைக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதால் அந்த வழியிலும் பதிவு சேர்வதில்லை. ஆகவே இயந்திரம் கற்பது காகித விலையை. நடப்பு விலையை அல்ல. அதை நம்பிச் சரக்கைத் தேக்கி வைப்பவருக்கு ஒவ்வொரு முட்டையிலும் நஷ்டம்தான். 2006இல் மகாராஷ்டிரத்தில் பறவைக் காய்ச்சல் வந்தபோது நாமக்கல்லும் அடிவாங்கியது. அப்படிப்பட்ட அதிர்ச்சியைப் பழைய பட்டியல் முன்கூட்டிச் சொல்லாது.

அதே ஊரின் லாரித் தொழிலில் நிலைமை நேர்மாறு. 2018 முதல் இ-வே பில், 2021 முதல் கட்டாய ஃபாஸ்டேக், கூடவே ஜிபிஎஸ். வண்டி எங்கே போனது, எங்கே நின்றது என்பதெல்லாம் பதிவாகிறது. திரும்பும் வழியில் லோடு பிடித்துத் தரும் மென்பொருள் இங்கே உண்மையில் பயன்படும். காலியாகத் திரும்பும் வண்டி உரிமையாளரின் டீசலைத்தானே குடிக்கிறது! சிக்கல் என்னவென்றால், அந்தப் பதிவெல்லாம் வேறு யாரோ ஒருவர் கையில் இருக்கிறது. ஆயிரம் வண்டிகளின் கணக்கைப் பார்ப்பவரும் தன் இரண்டு வண்டிகளை மட்டும் பார்ப்பவரும் வாடகை பேச உட்கார்ந்தால் யார் சொல்வது நடக்கும்? லாரி உரிமையாளர் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களின் பதிவுகளைத் தாங்களே சேர்த்து வைப்பது பற்றி இப்போதே யோசிக்க வேண்டும்.

சிறு பண்ணையாளர் லட்சங்களைக் கொட்ட வேண்டியதில்லை. தினமும் எத்தனை கிலோ தீவனம், எத்தனை முட்டை, எத்தனை இறப்பு என்று ஷெட்டில் எழுதும் நோட்டுப் போதும். தீவனம் எடுப்பது குறைவது பல நோய்களின் முதல் அறிகுறி. அந்த நோட்டு போனில் ஏறினால், கண்ணுக்குத் தப்பும் சிறு சரிவையும் இயந்திரம் காட்டும். மைனஸையும் ஒரு பத்தியில் எழுதி வந்தால், ஓராண்டில் எந்த நிறுவனத்திடமும் இல்லாத தகவல் அவரிடம் இருக்கும்.

குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகரா 282, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. ஜும்ஆ பயானில் சொன்னால் தலையாட்டுகிறோம். கடைக்குப் போனதும் "நமக்குள்ளே எதற்குங்க எழுத்து?" என்கிறோம்.

இன்னொன்று, பொறுப்பு. வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் பதில் சொல்ல இயந்திரத்தை வைப்பவர்கள் ஏர் கனடா வழக்கை அறிந்திருக்க வேண்டும். துக்கத்துக்காகப் பயணம் செய்தவருக்கு, கட்டணச் சலுகையைப் பிறகு கேட்டுப் பெறலாம் என்று அந்த நிறுவனத்தின் சாட்பாட் தவறாகச் சொல்லிவிட்டது. சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற வாதத்தை, 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் ஏற்கவில்லை. இழப்பீடு தரச் சொன்னது. ஃபிக்ஹ் படித்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. வகீல் தன் அதிகாரத்துக்குள் பேசிய பேரம் அவரை நியமித்தவரைக் கட்டுப்படுத்தும். இயந்திரமோ கேள்வி கணக்குக்கு உட்பட்ட ஆளே அல்ல. பழியை அதன் மேல் போட வழியேது? விலை, எடை, தரம் பற்றி அது சொல்லும் பதிலை அனுப்புமுன் ஒரு மனிதர் படித்தாக வேண்டும்.

வாடிக்கையாளரின் பெயர், போன் எண், பாக்கித் தொகை உள்ள பேரேட்டைப் படமெடுத்து, இலவசச் செயலியில் ஏற்றிக் கூட்டல் போடச் சொல்வது இப்போது எளிது. அந்தத் தகவல் நம்முடையது அல்ல, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறி, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. அதில் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். சிறு கடைக்கு அவ்வளவு வராது என்றாலும், பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டுத் தொகையை மட்டும் ஏற்ற ஐந்து நிமிடம்தான் ஆகும்.