சிவப்பு விளக்கின் சொல்

சென்ற ஞாயிறன்று கொட்டாஞ்சேனையில் ஒரு திருமணத்துக்கு வெள்ளவத்தையிலிருந்து புறப்பட்டோம். காலி வீதியில் எமது பழைய காரில் எண்ணெய்க் குவளை வடிவான சிவப்பு விளக்கு எரிந்தது. "முகூர்த்தம் தவறிவிடும் அப்பா, போய்ப் பார்க்கலாமே" என்றான் மகன். நாமோ ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்தோம்.

அவ்விளக்கு காட்டுவது எண்ணெயின் அமுக்கக் குறைவை. அமுக்கம் குன்றினால் உலோகம் உலோகத்தோடு உராயும். சில நிமிடங்களிலேயே என்ஜின் இறுகிப் போகலாம்.

செய்யவேண்டியது எளிது. வண்டி சமதரையில் நிற்க, சில நிமிடம் பொறுத்து, அளவுகோலை உருவித் துடைத்து, மீண்டும் இட்டெடுத்துப் பார்க்கவேண்டும். எண்ணெய் இரு குறிகளுக்கிடையே நிற்றல் நன்று. குறைந்திருப்பின் உரிய வகை எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றுக, மேற்குறியைத் தாண்டலாகாது. அளவு சரியாயிருந்தும் விளக்கு அணையாவிடின், என்ஜினை இயக்காது, வண்டியைக் கராச்சுக்கு இழுத்துச் செல்வதே முறை.

எமது வண்டியில் எண்ணெய் கீழ்க்குறிக்கும் கீழே இருந்தது. பல மாதங்களாக அளவுகோலைத் தொடாத குற்றம் எம்முடையதே. ஊற்றியபின் விளக்கு அணைந்தது. முகூர்த்தம் மட்டும் தவறியது.

2020இல் நின்ற கார் இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. அத்தகைய நாட்டில் பழைய என்ஜினும் குடும்பச் சொத்தே. தாலி கட்டுவதை நாம் காணவில்லை. ஆயினும் பந்திக்கு எமது வண்டியிலேயே போய்ச் சேர்ந்தோம்.