கோட்டை அறிந்த மழையைக் கம்பெனி அறியாதோ?

எட்டு ஆண்டுகள், இல்லையேல் 1,60,000 கிலோமீட்டர். அதுவரை பேட்டரிக்குப் பழுது நேர்ந்தால் பொறுப்பு எமது! மின்சாரக் கார் விற்போர் பலர் இன்று தரும் வாக்குறுதி இது. கேட்க இனிக்கிறது. நம்பிக்கை பிறக்கிறது.

நகையை விற்று முன்பணம் கட்டி, மிச்சத்துக்கு வங்கியில் கடன்பட்டு, செஞ்சியிலே ஒருவர் அந்த வண்டியை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். திண்டிவனம் சாலையிலும் திருவண்ணாமலைச் சாலையிலும் வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறார். மழை வருகிறது. தேங்கிய நீரைக் கடந்து வீடு சேர்கிறார். மறுநாள் காலை வண்டி அசைய மறுக்கிறது. பணிமனைக்கு இழுத்துச் செல்கிறார். "பேட்டரிக்குள் நீர் புகுந்துவிட்டது, ஆகவே வாரண்டி இல்லை" என்கிறார்கள். காப்பீட்டுக் கம்பெனியின் கதவைத் தட்டுகிறார். "வண்டி வெள்ளத்தில் மூழ்கவில்லையே! மின்பழுதுக்கு நாங்கள் பொறுப்பல்ல, செய்தவரைக் கேளும்" என்கிறார்கள். செய்தவர் வானத்தைக் காட்டுகிறார். காப்பீட்டாளர் செய்தவரைக் காட்டுகிறார். வங்கியோ தவணை நாளைக் காட்டுகிறது!

இப்படியும் நடக்குமா என்று ஐயுற வேண்டாம். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், 2023 அக்டோபரில், பெருமழைக்குப் பின் டெஸ்லா கார் ஒன்று இயங்க மறுத்தது. பேட்டரிக்குள் நீர் புகுந்தது, உத்தரவாதம் செல்லாது என்று சொல்லி, உரிமையாளரிடம் 17,374 பவுண்டு கேட்கப்பட்டதாக ஏடுகளில் செய்தி வந்தது, உலகெங்கும் பேசப்பட்டது. மழைக்குப் பெயர்போன நாட்டிலேயே மழை ஒரு விதிவிலக்காகிவிட்டது! செல்வச் சீமையில் அந்த நிலை எனில், செஞ்சிச் சீமையில் எந்த நிலை?

நம் மண்ணின் மழையை நாம் அறியாதவர்களா? 2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுவையருகே கரை கடந்தது. கடந்ததா? கடந்தும் அகலாது நின்று கொட்டியது! நம் விழுப்புரம் மாவட்டத்து மயிலத்திலே ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அரசூரருகே திருச்சி நெடுஞ்சாலையே நீருக்குள் சென்றது. அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னைத் தெருக்களில் கார்களை மிதக்கவிட்டது. அதே மாதம் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! அந்தத் தூத்துக்குடியில்தான் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறக்கப்பட்டது. வெள்ளம் கண்ட ஊரிலேயே வண்டி பிறக்கிறது. பிறந்த பிறகு, "வெள்ளமா? அது எதிர்பாராதது" என்று எந்த ஆலையும் இங்கே சொல்ல இயலுமா?

செஞ்சிக் கோட்டையைப் பாருங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். அவற்றை வளைத்த மதில்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. மொகலாயப் படை எட்டாண்டுக் காலம் முற்றுகையிட்டு, 1698இல்தான் உள்ளே நுழைய முடிந்தது. அந்தக் கோட்டையிலே குளமும் சுனையும் உண்டு, நெற்களஞ்சியமும் உண்டு. வேண்டிய நீரைத் தேக்கத் தெரிந்தவன், வேண்டாத நீரை நெல்லுக்கு அண்டாமல் தடுக்கவும் தெரிந்திருந்தான். "களஞ்சியம் கட்டித் தருவேன், மழை பெய்தால் நான் பொறுப்பல்ல" என்று எந்தக் கொத்தனாரும் அரசனிடம் சொல்லியிருக்க முடியாது. மழைக்காகத்தானே கூரை! மழையைத் தாங்காத கூரைக்குக் கூலி ஏது?

எனினும், தோழரே, வழக்கென்றால் இருபக்கமும் நோக்குவதே அறம். கம்பெனிக்கும் ஒரு நியாயம் உண்டு, மறைக்க வேண்டாம். பல மின்கார்களின் பேட்டரிப் பெட்டிக்கு ஐ.பி.67 என்ற தரக்குறி உண்டு. ஒரு மீட்டர் ஆழ நீரில், அரை மணி நேரம் வைத்தாலும் உள்ளே நீர் புகலாகாது என்பது அதன் பொருள். ஆனால் அந்தச் சோதனை தெளிந்த நன்னீரில், புதிய பெட்டிக்குச் செய்யப்படுவது. சேறும் உப்பும் கலந்த வெள்ளத்தில் இரண்டு நாள் மூழ்கிக் கிடப்பது வேறு. ஆகவே மூன்று நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். மழையில் நனைந்தோ, சாலையில் தேங்கிய சிறுநீர்மட்டத்தைக் கடந்தோ பழுதுபட்டால், அது செய்தவர் பொறுப்பு. வீட்டு வாசலில் நின்ற வண்டியை வெள்ளம் மூழ்கடித்தால், அது காப்பீட்டாளர் பொறுப்பு. எச்சரிக்கையை மீறி ஆற்றுப் பெருக்கிலே வண்டியை இறக்கினால், ஓட்டியவரும் பதில் சொல்லத்தான் வேண்டும். இதை மறுப்பார் இல்லை.

பின் எங்கே பூசல்? முதல் நிலையில் நேர்ந்ததை மூன்றாம் நிலையில் நேர்ந்ததாக எழுதிவிடுகிறார்களே, அங்கேதான் பூசல்! பேட்டரிப் பெட்டியைத் திறப்பவர் யார்? கம்பெனி ஆள். வண்டியின் கணினியில் பதிந்த குறிப்புகளைப் படிப்பவர் யார்? கம்பெனி ஆள். நீர் புகுந்தது விளிம்பு அடைப்பின் பழுதாலா, வெள்ளத்தின் ஆழத்தாலா என்று தீர்ப்புரைப்பவர் யார்? அதே கம்பெனி ஆள்! வாதியும் அவரே, சாட்சியும் அவரே, நீதிபதியும் அவரே. வாங்கியவரோ வாயிலில் நிற்கிறார். அவரைப் பார்த்து, "வெள்ளத்தில் ஓட்டவில்லை என்று மெய்ப்பித்துக் காட்டும்" என்கிறார்கள். பூட்டிய பெட்டியின் சாவியைத் தம் இடுப்பில் செருகிக்கொண்டு, உள்ளிருப்பதை எடுத்துக் காட்டு என்பது எந்த ஊர் நியாயம்?

நாம் கேட்பது புதிய நீதியன்று. ஒரு செய்தி எவருடைய தனி அறிவில் உள்ளதோ, அதை மெய்ப்பிக்கும் சுமை அவருக்கே என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 106ஆம் பிரிவு உரைத்தது. 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்த நெறி நிற்கிறது. கறுப்புக் கோட்டு அணிந்தோர் அறிந்த இந்த நெறியை, காக்கிச் சட்டை அணிந்த ஓட்டுநருக்காகவும் கேட்கிறோம். தரவு யாரிடமோ, சுமையும் அவரிடமே!

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. சட்டமும் ஒப்பந்தமும் கோரும் தரத்தில் குறைந்தால் மட்டுமல்ல, விற்பவர் தாமே பறைசாற்றிய தரத்தில் குறைந்தாலும் அது குறைபாடே என்கிறது அச்சட்டம். விளம்பரப் படத்திலே வண்டி நீரைக் கிழித்துப் பாய்கிறது. விற்பனைக்கு முன் நீர் வீரம். விற்பனைக்குப் பின் நீர் விலக்கு! அந்தப் படமே நம் சாட்சி.

ஆகவே அரசை நோக்கி நாம் வைக்கும் கோரிக்கைகள் ஐந்து. உத்தரவாதச் சீட்டு தமிழிலும் வேண்டும். எத்தனை சென்டிமீட்டர் நீரில், எத்தனை நேரம் வண்டி தாங்கும் என்று அதில் எண்ணால் எழுதப்படவேண்டும். உத்தரவாதத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தந்து, வண்டியின் பதிவுக் குறிப்பின் படியையும் உரிமையாளரிடம் கொடுக்கவேண்டும். நீர் புகுந்தது ஓட்டியவர் தவறால் என்றால், அதை மெய்ப்பிக்கும் சுமை கம்பெனியுடையதாக வேண்டும். புயற்காலத்தில் கம்பெனியும் காப்பீட்டாளரும் ஒன்றாக வண்டியைச் சோதித்து, பொறுப்பு யாருடையது என்பதைக் குறித்த நாளுக்குள் சொல்லவேண்டும். மின்னூர்தி வாங்குங்கள் என்று வரிச்சலுகை தந்து ஊக்கிய அரசுக்கு, வாங்கியவர் கைவிடப்படாமல் காக்கும் கடமை இல்லையா?

கோரிக்கை நிறைவேறும்வரை நம் கைகள் கட்டியிருக்க வேண்டுமா? படிப்பகத்துத் தோழர்களுக்குப் பணி காத்திருக்கிறது. சட்டம் கட்டாயமாக்கியது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே. அது சொந்த வண்டியின் வெள்ளச் சேதத்துக்கு ஒரு காசும் தராது. மழைக்காலம் வருமுன் இதை வண்டி வைத்திருப்போரிடம் சொல்லுங்கள். நீரில் நின்ற மின்காரை இயக்கிப் பார்க்க வேண்டாம், மின்னேற்ற வேண்டாம், ஆரஞ்சு நிறக் கம்பிகளைத் தொட வேண்டாம் என்று எச்சரியுங்கள். உப்புநீர் புகுந்த பேட்டரி சில நாள் கழித்தும் தீப்பற்றக்கூடும். வண்டியை வீட்டை ஒட்டி நிறுத்தலாகாது. கதவில் படிந்த நீர்க்கறையின் உயரம் தெரியுமாறு படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பணிமனையில் வாய்மொழியை ஏற்காமல் எழுத்து கேட்கச் சொல்லுங்கள்.

பிறகும் மறுத்தால், 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. விழுப்புரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கம்பெனியின் தலைமையிடம் மும்பையில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கால எல்லை இரண்டாண்டு. விலை 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய்தான். நீர் புகுந்த காரணத்தைத் தக்க ஆய்வுக்கூடத்தின் சோதனைக்கு அனுப்பும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. பூட்டிய பெட்டியைக் கம்பெனி ஆள் அல்லாத ஒருவர் திறக்கும் வழி அது! காப்பீட்டாளர் மறுத்தால், கட்டணமின்றி முறையிடச் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

சட்டம் உறங்குவதில்லை, தோழரே. அதை எழுப்புவோர்தாம் உறங்கிவிடுகிறார்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். விழுப்புரம் போக அஞ்சுபவருக்குத் துணையாகச் செல்லுங்கள். ஒருவர் வென்ற தீர்ப்பு ஒன்பது பேருக்கு வழிகாட்டும். மழை நம் ஊருக்கு விருந்தாளியன்று, உறவு. அந்த உறவை அறியாதது போல் நடித்து விற்கும் வணிகத்தை, அறியவைக்கும் வரை ஓயோம்!